வேதத்தைத் தமிழாக்கிய பப்பிரிசியுஸ் ஐயர்

மாங்கேணியில் என் வீட்டுக்கு நாலைந்து வளவு தள்ளி, ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் வாழ்கின்றார். சென்ற மாரிக்கு முன் ஒரு மாலை, துணியிற் சுற்றிய வேதாகமத்தைக் கையிலேந்தி அவர் என்னிடம் வந்தார். மட்டக்களப்பு நகரில் தங்கிப் படிக்கும் அவர் பேரன் ஒரு வினாவோடு வீடு வந்திருந்தானாம். கிறித்தவர் பழைய ஏற்பாடு என்று போற்றும் நூல்கள் யூதருக்கே உரியவை. அவர்கள் தாய்மொழியில் எழுந்தவை. அந்த யூதரோ, வரவிருக்கும் மேசியா கடவுளாவார் என்று அந்நூல்களில் எங்குமே இல்லை என்கின்றனர். அங்ஙனமாயின் நம்மவர் அதை எங்கிருந்து கண்டெடுத்தனர் என்பது அவ்வினா. நாற்பது ஆண்டு பிரசங்கம் செய்த உபதேசியாருக்கு உரிய வசனங்கள் நுனிநாவில் நின்றன. அவை எபிரேயத்திலும் அவ்வாறே நிற்கின்றனவா, அல்லது தமிழாக்கியோர் தம் நம்பிக்கையைச் சொல்லில் ஏற்றிவிட்டனரா என்பதே அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகப் பேரனிடம் சொல்ல அவர் மனம் இடந்தரவில்லை.

யான் சைவன். எபிரேயத்தில் எழுத்துக் கூட்டுமளவுக்கு மேல் அறியேன். மரியாதையாக இரண்டு வார்த்தை சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த நூலுக்கு யான் பட்ட கடன் ஒன்று இருந்தது. கீழைத்தேயக் கல்லூரியில் பண்டிதப் பரீட்சைக்குப் படித்த காலத்தில், வேதாகமத் தமிழை எடுத்துவைத்து நகைப்பது எங்கள் பொழுதுபோக்கு. எழுவாய் எங்கோ, பயனிலை எங்கோ என்போம். வடசொற் குவியல் என்போம். வெள்ளைக்காரன் தமிழ் என்போம். அந்த நகைப்பில் யானே முன்னின்றேன். அந்தத் தமிழை ஆக்கியவர் யார், எத்தனை ஆண்டு ஆக்கினார் என்று அன்று ஒருநாளும் கேட்டிலேன். உபதேசியார் வந்துபோன பின்புதான் பப்பிரிசியுஸ் ஐயரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

யோகான் பிலிப் பப்பிரிசியுஸ் 1711ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் செருமனி நாட்டிலே பிராங்பர்ட் நகருக்கு அண்மையிலுள்ள கிளேபெர்க் என்னும் ஊரிற் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றவர். பின்னர் அதைவிட்டு இறையியல் கற்கும் வேட்கையினால் ஆலே நகரை அடைந்தார். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரையும் அவர் பின் வந்தோரையும் பயிற்றியனுப்பிய இடம் அதுவே. அங்கே எபிரேயக் கல்வி தழைத்திருந்தது. பல கையெழுத்துப் பிரதிகளை ஒப்புநோக்கி மிக்காயேலிசு என்னும் பேராசிரியர் பதிப்பித்த எபிரேய வேதாகமம் 1720இல் ஆலேயிலேயே அச்சாயிற்று. 1728இல் காலன்பெர்க் என்பார் யூதரிடையே சமயப்பணி செய்வதற்கென்றே ஒரு நிலையத்தை அந்நகரில் நிறுவினார். அதனைச் சேர்ந்த இளைஞர் ஊரூராகச் சென்று, மேசியா வந்தாரா, அவர் யார் என்று யூத அறிஞரோடு அவர்தம் வேதத்தைக்கொண்டே வாதிட்டனர். ஆகவே மாங்கேணிச் சிறுவன் கேட்ட வினா, பப்பிரிசியுஸ் மாணவராயிருந்த நகரில் தெருவிற் பேசப்பட்ட வினாவாகும். அதற்கு யூதர் கூறும் விடை இன்னதென்பதை அறியாமல் எவரும் அங்கே எபிரேயம் படித்து வெளிவந்திருக்க இயலாது.

இரு திறத்தாரும் ஓதும் நூல் ஒன்றே என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் வேண்டும். யூதர் இருபத்து நான்கு நூல்களென எண்ணுவர். சீர்திருத்தக் கிறித்தவர் அவற்றையே முப்பத்தொன்பதாகப் பிரித்து எண்ணுவர். எண்ணும் அடைவும் வேறு, மூலம் ஒன்று. திருக்குறளுக்கு மணக்குடவரும் பரிமேலழகரும் உரை வேறுபடுவதுபோன்ற வேறுபாடு இது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அங்கே உரை வேறுபட்டதற்காக எவரும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதில்லை. ஐரோப்பாவில் யூதர் துரத்தப்பட்டனர். அதனினும் கொடியவற்றையும் கண்டனர். இந்த வினாவை ஆராய்வோர் அதை மறத்தல் ஆகாது.

1740இல் பப்பிரிசியுஸ் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் வேதாகமம் அப்பொழுதே ஒன்று இருந்தது. சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை முடித்து 1715அளவில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமம்வரை வந்து, 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்தார். எஞ்சியவற்றைச் சூல்ட்ஸ் ஐயர் நிறைவேற்றினார். சூல்ட்ஸ் தெலுங்கிலும் உழைத்த பேருழைப்பாளி. எனினும் அவர் தமிழ் தமிழர் செவிக்கு இனிக்கவில்லை. 1728இல் சென்னபட்டணத்தில் மிஷன் தொடங்கியவரும் அவரே. 1742இல் பப்பிரிசியுஸ் சென்னை சென்று அவருடைய பொறுப்பை ஏற்றார். முன்னோர் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்துவதென்றே அவரும் எண்ணித் தொடங்கினார். சில அதிகாரங்கள் செல்வதற்குள், பழைய சுவரிற் கல்லை மாற்றுவதினும் புதுச்சுவர் எழுப்புதலே எளிது என்று கண்டுகொண்டார். அந்தச் சுவர் எழ முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த முப்பது ஆண்டும் அமைதியான ஆண்டுகள் அல்ல. 1746இல் பிரஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். பப்பிரிசியுஸ் தம் சிறு சபையை அழைத்துக்கொண்டு ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டுக்குச் சென்றார். 1749இல் நகர் ஆங்கிலேயரிடம் மீண்டது. ஆர்மீனிய வணிகர் ஒருவர் கட்டுவித்த வேப்பேரிக் கோயில் பின்னர் இவர் மிஷனுக்குக் கொடுக்கப்பட்டது. 1758இன் இறுதியில் லாலி என்னும் பிரஞ்சுத் தளபதி மீண்டும் நகரை முற்றுகையிட்டபோது வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. அதற்குப் பின் ஐதரலியின் குதிரைப்படை. ஓடுவதும் திரும்புவதும், கூரை வேய்வதும், பிள்ளைகளை மீண்டும் பள்ளிக்குக் கூட்டுவதுமாகவே அவர் காலம் கழிந்தது. போரால் இடம்பெயர்ந்து திரும்பிவந்து கூரை வேய்ந்தவர்கள் எங்கள் வாகரைப் பக்கத்தில் பலர். அவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓடும்போது எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்னும் கேள்வியில் கையெழுத்துச் சுவடியும் ஒன்றாக இருந்த மனிதர் அவர் என்றுமட்டும் சொல்லி அப்பாற் செல்கின்றேன்.

போர் ஒரு நன்மையும் செய்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை வென்றபோது அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். கும்பினியாரின் வேலையை முதலிற் செய்துகொடுத்தல் வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் அது பப்பிரிசியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரியில் நிறுவப்பட்ட அப்பொறியிலே 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு அச்சேறியது. பழைய ஏற்பாட்டு நூல்கள் 1777 முதற்கொண்டு வெளிவரலாயின. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கு ஆங்கிலத்தில் ஓர் இலக்கணம் 1778இல் வந்தது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் சொற்கள் கொண்ட தமிழ் ஆங்கில அகராதி, உடன் உழைத்த பிரைத்தவுப்ட் ஐயரின் துணையோடு, 1779இல் வந்தது. அந்நாளைய ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்றே வழங்கினமையால் அந்த அகராதியும் அப்பெயரையே சுமந்து நின்றது. செருமன் கீர்த்தனங்கள் பலவற்றைத் தமிழாக்கிப் பாட்டுப் புத்தகமும் செய்தார். இவையெல்லாம் பெரும்பணிகளே, ஆயினும் அவருடைய உயிர் இருந்தது பழைய ஏற்பாட்டில்.

அவர் வேலைசெய்த முறையைச் சுருங்கச் சொல்லலாம். மூலத்தை முன்வைத்து, ஒரு பகுதியைத் தமிழாக்கித் தமிழறிந்தாரிடம் வாசித்துக் காட்டுவார். கல்லாத எளியோரிடமும் வாசித்துக் காட்டுவார். இருவரும் ஒருங்கே விளங்கிக்கொண்டாலன்றி அச்சொல்லை விடார். பின்பு மூலத்தோடு மறுபடி ஒப்புநோக்குவார். முழங்காலில் நின்றே மொழிபெயர்த்தார் என்று அவர் சபையார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். அவர் இல்வாழ்க்கையை மேற்கொள்ளவில்லை. தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை.

இனி உபதேசியாரின் வினாவுக்கு வருவோம். எபிரேயத்தில் கடவுளைக் குறிக்கும் பொதுச்சொல் எலோகீம். அது இலக்கணத்தாற் பன்மை. மெய்க்கடவுளையும் குறிக்கும், புறச்சமயத்தார் வணங்கும் தெய்வங்களையும் குறிக்கும். சங்கீதம் ஒன்றில் நீதிபதிகளைக் குறிப்பதாகவும் உரைகாரர் சிலர் கொள்வர். இதற்குத் தமிழில் என்ன சொல் இடுவது? சீகன்பால்கு ஐயர் சருவேசுரன் என்றார். பப்பிரிசியுஸ் ஆண்ட சொல் பராபரன். பிற்காலத்து மொழிபெயர்ப்பாளர் தேவன் என்றனர். இன்று வேறு சிலர் கடவுள் என்கின்றனர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தேவன் என்பது நம் வழக்கில் இந்திரனுக்கும் ஆகும், முப்பத்து மூவர்க்கும் ஆகும், பட்டங்கட்டிய அரசனுக்கும் ஆகும். மேசியா தேவன் என்று ஒரு சைவனிடம் சொன்னால் அவன் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தேவர் பலருள் ஒருவர் என்று கேட்டுக்கொண்டு போய்விடுவான். பராபரன் என்பதோ மேலானவற்றுக்கெல்லாம் மேலானது. ஒன்றுக்கு மேற்பட இடங்கொடாதது. தாயுமான சுவாமிகள் பராபரக்கண்ணி பாடியதும் அந்த நூற்றாண்டிலேதான். அச்சொல்லுக்குத் தமிழ்நாட்டிலிருந்த கனத்தை அறிந்தே பப்பிரிசியுஸ் அதை எடுத்தார் என்பது என் துணிபு. எடுத்ததனால் தமக்கு எளிமையைத் தேடிக்கொண்டாரல்லர். மேசியா பராபரன் என்று சொல்வது யூதருக்கு எத்துணைத் திடுக்கிடத்தக்கதோ, தமிழருக்கும் அத்துணைத் திடுக்கிடத்தக்கதாயிற்று. கிறித்தவக் கொள்கையின் கூர் மழுங்காமல் தமிழில் நின்றது அச்சொல்லினால்தான்.

மேசியா என்ற சொல்லைப் பாருங்கள். எண்ணெய் வார்க்கப்பெற்றவர் என்பது அதன் பொருள். கிறிஸ்து என்பது அதன் கிரேக்கம். எபிரேய வேதத்திலே எண்ணெய் வார்க்கப்பெற்றோர் அரசரும் ஆசாரியரும், மனிதரேயன்றிப் பிறரல்லர். பாரசீக மன்னன் கோரேசையும் ஏசாயா அப்பெயரால் அழைக்கின்றார். அவன் யூதனும் அல்லன். ஆகவே சொல்லளவில் மேசியா மனிதரே என்று யூதர் கூறுவது நேர்மையான வாதம். தமிழிலோ அதனை அபிஷேகம் என்ற சொல்லாலன்றி உரைக்க வழியில்லை. நமக்கு அபிஷேகம் அரசனுக்கும் உண்டு; ஆனால் நாள்தோறும் நாம் காண்பது கோயிலில், மூர்த்திக்கு. நல்லெண்ணெயும் பாலும் இளநீரும் சொரியக் கண்டு வளர்ந்த செவிக்கு, அபிஷேகம் பெற்றவர் என்றவுடன் மனத்தில் எழுவது மனிதர் உருவமா, தெய்வ உருவமா? எபிரேயத்தில் இல்லாத ஒரு சாய்வு தமிழில் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. இதை மொழிபெயர்த்தவர் செய்யவில்லை, மொழி செய்தது. உபதேசியாரிடம் இதைச் சொன்னபோது சற்றுநேரம் பேசாதிருந்து, தாம் நாற்பது ஆண்டு இதைக் கவனித்ததேயில்லை என்றார்.

அடுத்தது நூற்றுப்பத்தாம் சங்கீதம். அதன் முதலடியிலே இறைவன், பாடுவோனின் தலைவர் ஒருவரை விளித்துத் தம் வலப்பக்கத்தில் அமருமாறு கூறுகின்றான். எபிரேயத்தில் இரண்டு பெயர்கள் உள. முன்னது உச்சரிக்கத் தகாத நாலெழுத்துத் திருநாமம். பின்னது அதோனீ, அதாவது என் ஆண்டவன்; மன்னரையும் மேலோரையும் விளிக்க வழங்குவது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்த பண்டைய யூத அறிஞர் இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டனர். இறைவனுக்கு இட்ட சொல்லே தலைவருக்கும் ஆயிற்று. அத்தலைவர் இறைவனோடு ஒப்பானவர் என்னும் வாதம் கிரேக்கம் வாசித்த முதற் கிறித்தவரிடையே வலுப்பெற இதுவும் ஒரு காரணமாயிற்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. அதோனீ என்பதும், கடவுளை மட்டுமே குறிக்கும் அதோனாய் என்பதும் மெய்யெழுத்தளவில் ஒன்றே. உயிரைக் காட்டும் புள்ளிகளே அவற்றைப் பிரிக்கின்றன. அப்புள்ளிகளோ மூலம் எழுதப்பட்டுப் பல நூற்றாண்டு கழிந்தபின் யூத அறிஞர் இட்டவை. ஏட்டுச்சுவடி படித்த நமக்கு இது புதிதன்று. புள்ளியிடாமல் எழுதிய ஓலையில் மெய்யா உயிர்மெய்யா என்றும், வீரமாமுனிவர் திருத்தத்துக்கு முன் எழுதிய ஏட்டில் எகரமா ஏகாரமா என்றும் மயங்கிநின்ற பதிப்பாசிரியர் எத்தனை பேர்! ஒரு புள்ளியில் ஒரு பாட்டின் பொருள் மாறுவதை நாம் அறிவோம். அங்கே ஒரு புள்ளியில் ஒரு சமயத்தின் வழக்கு நிற்கின்றது. யூதரின் புள்ளிமரபு அதனை அதோனீ என்றே காத்துவந்திருக்கின்றது.

லூதரின் செருமன் வேதாகமத்தில் இவ்விரண்டு பெயரையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் அச்சு வேறுபாட்டினாலேயே காட்டியிருந்தனர். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. ஒரே சொல்லை இருமுறை எழுதினால் வேறுபாடு மறைந்தொழியும். மறைந்தால் மொழிபெயர்ப்பாளரின் நம்பிக்கைக்கு அது ஆதாயமேயாம். எங்கள் வீடுகளில் வழங்கும் வேதாகமமோ முன்னதற்குக் கர்த்தர் என்றும் பின்னதற்கு ஆண்டவர் என்றும் இரு வேறு சொற்களை வைத்திருக்கின்றது. மூலத்தில் இரண்டாயிருப்பதைத் தமிழிலும் இரண்டாக வைத்தல் என்னும் ஒழுங்கே அது. பப்பிரிசியுஸ் வாழ்நாளெல்லாம் காத்த ஒழுங்கும் அதுவே. ஓசை கெடினும், வாக்கியம் முரடாயினும், மூலத்தின் அமைப்பைக் குலையார். கல்லூரி நாளில் எங்களை நகைக்கச் செய்த முரட்டுத் தமிழின் பிறப்பிடம் இதுவென்று கண்டபோது எனக்கு நாணம் உண்டாயிற்று.

மூன்றாவது இடம் ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்திற் பிறக்கும் குழந்தையின் பெயர்கள். அவற்றுள் ஒன்று ஏல் கிப்போர். ஏல் என்பது கடவுள். கிப்போர் என்பது ஆற்றல் மிக்கவன். இங்கே ஒரு விந்தை. பப்பிரிசியுஸ் தொட்டிற் பருவமுதல் கேட்டு வளர்ந்த லூதரின் மொழிபெயர்ப்பிலே இவ்விடத்திற் கடவுள் என்ற சொல்லே இல்லை. லூதர் அதனை இரண்டு பெயராகப் பிரித்து, ஆற்றல் என்றும் வீரன் என்றும் பொருள்பட எழுதினார். மேசியாவின் கடவுட்டன்மையில் அணுவளவும் ஐயமில்லாத லூதரே அப்படி எழுதினாரென்றால், அச்சொல்லின் சிக்கல் எத்தகையது என்று உணரலாம். எங்கள் தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் லூதரைத் தொடராமல் எபிரேயத்தையே தொடர்ந்து, கடவுளைக் குறிக்கும் சொல்லை நேராக வைத்திருக்கின்றது.

யூதர் இதற்கு என்ன சொல்வர்? பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ராசி என்னும் பேருரையாசிரியர், ஆற்றல் மிக்க கடவுள் முதலியன குழந்தையின் பெயரல்ல, பெயரிட்டவனின் பெயர்கள் என்கின்றார். அதாவது, அத்தகைய கடவுள் அக்குழந்தைக்குச் சமாதானப் பிரபு என்று பெயரிட்டான் என்பது அவர் கொள்ளும் முடிபு. நன்னூல் கற்ற நமக்கு இது பொருள்கோள் வேறுபாடு. எழுவாயை எதனோடு முடிப்பது என்னும் வழக்கு. வேறு சிலர், கடவுளின் பெயரைத் தாங்குவதனால் ஒருவர் கடவுளாகார் என்பர். இந்த வாதம் தமிழருக்கு விளங்குவதுபோல் ஐரோப்பியருக்கு விளங்காது. என் வகுப்பு இடாப்பில் பரமேசுவரனும் இருக்கின்றான், சகதீசனும் இருக்கின்றான். இருவரும் நேற்றுக் கணக்கிற் பிழைவிட்டனர். கிறித்தவர் தரப்பிலோ வலிய விடை ஒன்று உண்டு. அடுத்த அதிகாரத்திலேயே அதே தொடர் ஐயத்துக்கிடமின்றிக் கடவுளையே குறிக்கின்றது. ஓர் ஆசிரியர் ஒரு தொடரை அருகருகே இருபொருளில் ஆள்வாரோ என்பர். எசேக்கியேலில் இதற்கு நெருங்கிய பன்மைத் தொடர் ஒன்று மடிந்த வீரரைக் குறிக்கின்றதே என்று மற்றவர் எடுத்துக்காட்டுவர்.

ஏழாம் அதிகாரத்தில் இம்மானுவேலைப் பெறுபவளைக் குறிக்கும் அல்மா என்ற சொல் பற்றிய வழக்கு உலகறிந்தது. இளம்பெண் என்பதே அதன் பொருள் என்பர் யூதர். கிரேக்க மொழிபெயர்ப்போ கன்னியைக் குறிக்கும் சொல்லை இட்டது. எங்கள் வேதாகமத்தில் கன்னிகை என்றிருக்கின்றது. கன்னி என்பதற்குத் தமிழில் இளமை என்ற பொருளும் உண்டு, மணமாகாதவள் என்ற பொருளும் உண்டு. மூலத்தின் மயக்கம் முழுதும் ஒரு தமிழ்ச்சொல்லுக்குள் அடங்கிவிட்ட இடம் இது ஒன்றே எனலாம்.

ஐயரின் இறுதிக்காலம் துயரமானது. சொல்லை நிறுக்கத் தெரிந்தவருக்குக் காசை நிறுக்கத் தெரியவில்லை. மிஷனின் பணத்தையும் பிறர் அவரை நம்பி ஒப்படைத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியோர் திருப்பித் தரவில்லை. அதிக வட்டிக்குக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் அந்நாளைய சென்னையில் நோய்போற் பரவியிருந்தன என்பது உண்மை; ஆயினும் ஏமாந்தவருள் அவரை நம்பிய எளியோரும் இருந்தனராதலின் அவரை முற்றும் குற்றமற்றவரென்று யான் சொல்லத் துணியேன். தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர் என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புவர். கடன்காரர் வழக்குத் தொடுத்தனர். எழுபதை அடுத்த வயதிலே அவர் கடனுக்காகச் சிறைப்பட்டார். பழைய ஏற்பாடு அச்சாகிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவையே. 1788இல் கெரிக்கே ஐயர் மிஷனைப் பொறுப்பேற்றார். 1791 சனவரியில், எண்பது வயது நிறைந்த வேளையில், பப்பிரிசியுஸ் சென்னையிலேயே இறந்தார். நாற்பத்தெட்டு ஆண்டுக்கு மேல் அந்நகரில் வாழ்ந்திருந்தார்.

அவர் நூலுக்கு நேர்ந்ததையும் கூறவேண்டும். ரேனியஸ் ஐயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைத் திருத்தி இனிய நடையில் அமைக்க முயன்றபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கொதித்தெழுந்து எதிர்த்தார். தமிழ்ப் புலவர் ஒருவரே முரட்டுத் தமிழுக்காக வழக்காடினார் என்பதை எங்கள் ஆசிரியர் எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பின்னர் யாழ்ப்பாணத்திலே பார்சிவல் பாதிரியார் மேற்பார்வையில், ஆறுமுக நாவலர் துணைநிற்க, எழுந்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. சைவத்தின் காவலர் எபிரேய வேதத்தை வரிவரியாகக் கற்று, அதிலுள்ள பலியையும் தீபதூபத்தையும் பிற்காலத்தில் தம் கண்டனங்களுக்குப் படைக்கலமாக்கிய கதை தனியே எழுதத்தக்கது. நடையழகில் அது மேம்பட்டிருந்தும் சபைகளில் நிலைக்கவில்லை. போவர் ஐயர் குழுவினர் பப்பிரிசியுசின் நூலை அடித்தளமாகக்கொண்டு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பே நிலைத்தது. எங்கள் உபதேசியார் துணியிற் சுற்றிவைத்திருப்பதும் அதுவே. லூத்தரன் சபையார் மட்டும் அதற்கும் இணங்காமல் இருபதாம் நூற்றாண்டிலும் பப்பிரிசியுசையே வாசித்துவந்தனர்.

இவ்வளவும் அறிந்தபின் உபதேசியாரிடம் யான் சொன்னது இது. எபிரேய மூலத்தில் அவ்வசனங்கள் உள்ளன, இட்டுக்கட்டியவை அல்ல. அவை மேசியாவைக் கடவுளென்று கொள்ள இடந்தருகின்றன, கொள்ளாதிருக்கவும் இடந்தருகின்றன. எழுத்து அவ்வளவில் நிற்கின்றது. இயேசுவைக் கண்டு நம்பியோர் அந்த நம்பிக்கையோடு திரும்பிச்சென்று படித்தனர். யூதர் தம் முன்னோர் படித்தவாறே படிக்கின்றனர். தமிழில் ஆக்கியோர் நம்பியோரே. எனினும் இரு பெயர் நின்ற இடத்தில் இரு பெயரை வைத்தனர். இதைப் பேரனிடம் அப்படியே சொல்லலாமா என்று கேட்டார். சொல்லலாம் என்றேன். இது பிரசங்கத்துக்கு உதவாதே என்று சிரித்தார். யானும் சிரித்தேன்.

மறுவாரம் பேரனே வந்தான். இரண்டாம் சங்கீதத்தின் கடைசி வசனத்திலுள்ள குமாரன் என்ற சொல் எபிரேயமா அரமேயமா என்று கேட்டான். பப்பிரிசியுசின் அகராதியிலிருந்து வளர்ந்து 1897இல் தரங்கம்பாடியில் வெளிவந்த அகராதியின் பிற்பதிப்பு ஒன்று என் மேசைமேல் இருந்தது. அதை அவன் புரட்டிக்கொண்டிருக்க, யான் எபிரேய எழுத்துச் சுவடியைத் தேடி உள்ளே போனேன்.